அம்மா ‘விழுந்திட்டன்’ என்கிறார்: பொலிசுக்குப் போகவா, வீட்டைத் திருப்பிக் கேட்கவா?

ஆறு பக்கக் கடிதம். ஊர், பெயர், ஆளை அடையாளம் காட்டக்கூடிய மற்ற விவரங்களை எடுத்துவிட்டு, தேவையானதை மட்டும் தருகிறேன்.

எழுதியவருக்கு 49 வயது. எழுவான்கரையில் (மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கம்), பெற்றோர் சீதனமாகக் கொடுத்த வீட்டில் இருக்கிறார். 77 வயது அம்மா வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், இளைய மகளோடு இருக்கிறார். அந்த வீட்டை 2003இல் இளையவரின் கலியாணத்துக்கு அம்மாவே நன்கொடை உறுதி முடித்துக் கொடுத்தார். இளையவரின் கணவர் சவூதியில். மூத்த பேரனுக்கு 21 வயது, வேலை இல்லை, ‘ஐஸ்’ போதைப் பழக்கம் இருப்பதாக அயலில் கதை. அம்மாவுக்குச் சீனி வருத்தம். அப்பா அரசாங்க வேலை செய்தவர் என்பதால் விதவை ஓய்வூதியம் வங்கிக்கு வருகிறது.

இரண்டு மாதம் கழித்துப் பாதையில் ஏறி அம்மாவைப் பார்க்கப் போயிருக்கிறார் இவர். (‘பாதை’ என்றதும் வெளியூர்க்காரர் ரோட்டை நினைப்பார்கள். எங்களுக்கு அது வாவியைக் கடக்கும் மிதவை.) அம்மா வீட்டுக்குள் இல்லை, பின்வளவுக் கொட்டிலில் பாயில் கிடந்தார். மணிக்கட்டைச் சுற்றிக் கண்டல். இடுப்புக்குக் கீழே ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் ஒரு புண், நடுவில் கறுப்பு. கிளினிக் கொப்பியில் கடைசித் திகதி நாலு மாதத்துக்கு முந்தியது. ஏடிஎம் அட்டை பேரனிடம். கேட்டதற்கு அம்மா, “ஒண்டுமில்ல, விழுந்திட்டன் புள்ள” என்றார். தங்கையோ, “உங்களுக்கும் சீதனம் தந்ததுதானே அக்கா, கொண்டுபோய் வெச்சுப் பாருங்களன்” என்றார். வாய்ச்சண்டை முற்றி, இவர் அடுத்த பாதையிலேயே திரும்பி வந்துவிட்டார்.

கேள்விகள்: பொலிசுக்குப் போனால் தங்கையைப் பிடித்துக்கொண்டு போவார்களா? தேசவழமைப்படி சீதன வீட்டைத் திருப்பி எடுக்கலாமா? அம்மாவை ஒரு முதியோர் இல்லத்தில் விடுவதுதான் நல்லதா? அம்மாவுக்கு மறதி, அவர் சொல்வதை யார் நம்புவார்கள்?

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் அம்மாவுக்காக, அடுத்த தரம் தங்கைக்காக. தங்கையின் காதில் தோடு இல்லை, தையல் மெஷின் இருந்த மூலை வெறுமையாகக் கிடந்தது என்று நாலாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். ‘வீட்டையே விற்றுத் தின்கிறாள்’ என்று அதை விளங்கிக்கொண்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தைத்துப் பிழைக்கிற பெண் மெஷினைத் தானாக விற்கமாட்டாள். அந்த வீட்டில் உங்கள் அம்மா மட்டும் பயந்துகொண்டிருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். என் ஊகம் பிழையாகவும் இருக்கலாம். ஆனால் தங்கையை எதிரியாக வைத்துக்கொண்டு நீங்கள் போடும் எந்தத் திட்டமும் வாவியின் அந்தக் கரையில் செல்லாது. நீங்கள் திரும்பி வந்த பிறகு அம்மாவுக்குச் சோறு போடுவது அவர்தான்.

முதலில் புண்

உங்கள் நாலு கேள்வியிலும் புண் இல்லை. எனக்கு அதுதான் முதல் விடயம். அது படுக்கைப் புண் போலத் தெரிகிறது. ஒரே பக்கமாக நெடுநேரம் கிடந்தால் எலும்புக்கும் பாய்க்கும் நடுவே தோல் நசிந்து, இரத்த ஓட்டம் நின்று, சதை செத்துப்போகும். நடுவில் தெரிந்த கறுப்பு அதுவாக இருக்கலாம். மேலே குற்றியளவு தெரிந்தாலும் உள்ளே பள்ளம் பெரிதாக இருக்கக்கூடும். நாலு மாதம் மருந்து எடுக்காத சீனி வருத்தக்காரருக்குக் கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. சட்டத்தரணி, பிரதேச செயலகம் எல்லாம் அப்புறம். இன்று, முடியாவிட்டால் நாளை காலை, அம்மா வைத்தியசாலையில் இருக்க வேண்டும். களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை உங்களுக்குக் கிட்ட. காய்ச்சல், நடுக்கம், ஆள் தெரியாமல் பேசுவது என்று ஏதாவது இருந்தால் 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள், காசு இல்லை.

தங்கையிடம் எப்படிச் சொல்வது? பழைய சண்டையைத் தொடாதீர்கள். “புண்ணுக்கு மருந்து கட்டக் கூட்டிப்போறன், நீ ரெண்டு நாளைக்குப் படுத்தெழும்பு” என்று சொல்லிப் பாருங்கள். ஒரு வருத்தக்காரரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் புரட்டிப் போட்டு, கழுவி, சீனி பார்த்து, வயலையும் பார்த்து, போதையில் வரும் மகனையும் சமாளிப்பதைத் தனி ஒருத்தி எத்தனை மாதம் செய்வாள்? கவனிக்காமல் விட்டது பிழைதான், அதை நான் மூடி மறைக்கவில்லை. ஆனால் வேண்டுமென்று வதைப்பதும், இயலாமல் கைவிடுவதும் ஒன்றல்ல. முன்னதற்குப் பாதுகாப்பு வேண்டும். பின்னதற்குப் பெரும்பாலும் இன்னொரு சோடிக் கை போதும்.

வாட்டில் இருப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. பேரன் இல்லாத இடத்தில், வெளியாள் ஒருவர் அம்மாவிடம் ‘கையில் என்ன’ என்று கேட்பார். அப்போது நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். கண்டலையும் புண்ணையும் வைத்தியர் பதிவேட்டில் எழுதினாரா என்று மட்டும் பாருங்கள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்காகச் சில அரச வைத்தியசாலைகளில் ‘நட்பு நிலையம்’ என்ற பிரிவு இருக்கிறது. அங்கே ஆறுதலாக இருந்து கதைக்கலாம்.

அம்மாவிடம் கேட்டீர்களா?

ஆறு பக்கத்தில் அம்மாவின் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு வசனம். அவருக்கு என்ன விருப்பம் என்று எங்கேயும் இல்லை. இதில் நானும் ஒருகாலத்தில் பிழை விட்டவள்தான். வேலைக்கு வந்த புதிதில், மகனிடம் அடி வாங்கிய ஒரு மூதாட்டியை அன்றைக்கே வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போய் இல்லமொன்றில் சேர்த்தேன். நல்ல வேலை செய்ததாகத்தான் நினைத்தேன். ஒரு மாதம் கழித்துப் போனபோது, விறாந்தையில் வெற்றிலைத் தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு, படலையைப் பார்த்தபடி இருந்தார். என்னைக் கண்டதும் கேட்டது, “கோழியெல்லாம் கூட்டுக்க போகுதா புள்ள?” ஒவ்வொரு பின்னேரமும் அதையே கேட்கிறார் என்று அங்கே வேலை செய்த பெண் சொன்னாள். அவருக்குத் தேவைப்பட்டது மகன் அந்த வளவை விட்டு வெளியே நிற்பது. நானோ அவரை வெளியே எடுத்துவிட்டேன்.

அதனால் கேளுங்கள். தனியாக, காலையில். மறதி உள்ளவர்களுக்குப் பொழுதுபடப் பொழுதுபடக் குழப்பம் கூடும். “அவன்தானே அடிச்சவன்?” என்று கேட்டால் பேரனைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். “கை எப்பிடி இப்பிடியாச்சு?”, “ராவில ஆரும் வந்து கதைக்கிறதா?”, “இந்த வீட்டில இருக்கப் பயமா இருக்கா?”, “என்ன நடந்தா உங்களுக்கு நல்லம்?” என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் விடுங்கள், நாளைக்கு வரும்.

பொலிஸ் என்றாலே அம்மா நடுங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பக்கத்தில் அந்த வயதுப் பெண்களில் எத்தனையோ பேர் காணாமல்போன பிள்ளையின் படத்தோடு காம்ப் வாசலிலும் பொலிஸ் வாசலிலும் நின்றவர்கள். அவர்களிடம் ‘பொலிஸில் சொல்லுங்கள், பாதுகாப்பார்கள்’ என்று நாங்கள் சும்மா சொல்லிவிட முடியாது. அதற்கும் வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

ஓய்வூதியமும் அட்டையும்

அட்டையை நிறுத்துவது சுலபம். அம்மா வங்கிக்குச் சொன்னால் பழைய அட்டையை முடக்குவார்கள், நீங்கள் பக்கத்திலிருந்து உதவலாம். ஆனால் எப்போது நிறுத்துவது என்பதில் கவனம் வேண்டும். போதைக்குக் காசு தேடும் ஒருவனின் கையில் அட்டை வேலை செய்யாமல் போகிற அந்த இரவுதான் வீட்டிலுள்ளவர்களுக்கு ஆபத்தான இரவு. அம்மா வாட்டில் இருக்கும்போது அதைச் செய்யுங்கள். தங்கைக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், அன்றிரவு அவரும் சின்னப் பிள்ளைகளும் தனியாக இருக்க வேண்டாம்.

காசை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளவும் வேண்டாம். அற்றோணித் தத்துவம் (அம்மாவுக்குப் பதிலாக நீங்கள் கையெழுத்திடும் அதிகாரம்) எழுதி வாங்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். அம்மாவின் நினைவு எப்படியென்று வைத்தியர் பார்க்குமுன் எதிலும் கைநாட்டோ கையெழுத்தோ வாங்காதீர்கள். நாளைக்கு உங்கள் தங்கை அதைக் காட்டி, ‘அக்காவும் இதைத்தானே செய்தா’ என்பார். அதில் நியாயமும் இருக்கும். கணக்கு அம்மாவின் பெயரிலேயே இருக்கட்டும். எடுக்கிற காசையும் செலவையும் ஒரு கொப்பியில் எழுதி, இரண்டு மகள்மாரும் பாருங்கள்.

பொலிஸ், நீதிமன்றம், பிரதேச செயலகம்

தங்கையைப் பிடித்துக்கொண்டு போவார்களா என்ற பயம் இந்த நிலையில் தேவையற்றது. கையை முறுக்கியது பேரன் என்று அம்மா சொன்னால், பொருந்துவது 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். கணவன் மனைவி சண்டைக்கு மட்டும்தான் அந்தச் சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். மகன், மகள், பேரப்பிள்ளைகள் செய்யும் கொடுமையும் அதற்குள் வரும். உடலில் காயம் இருந்தால்தான் என்றும் இல்லை, தொடர்ந்து கடுமையாக இழிவுபடுத்தி வதைப்பதையும் அது சேர்த்துக்கொள்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அம்மாவே விண்ணப்பிக்கலாம், அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். அவசரம் என்றால் இடைக்காலக் கட்டளை உண்டு. விசாரணையை 14 நாளுக்குள் வைக்க வேண்டும். கட்டளை 12 மாதம் வரை இருக்கலாம். பேரன் அந்த வீட்டுக்குள் நுழையக்கூடாது என்றுகூட நீதிமன்றம் சொல்லலாம், உளவளத்துணைக்குப் போகச் சொல்லலாம். கட்டளை வந்தவுடன் யாரும் சிறைக்குப் போவதில்லை. அதை மீறினால்தான் குற்றம். உங்கள் ஊகமும் என் ஊகமும் சரியென்றால், இதே கட்டளையை மகனுக்கு எதிராகத் தங்கையும் கேட்கலாம். அவரிடம் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அம்மாவுக்குப் பொலிஸ் வாசல் ஏலாது என்றால் பிரதேச செயலகத்திலிருந்து தொடங்குங்கள். அம்மா இருக்கும் பிரிவுக்குரிய செயலகம், உங்களுடையது அல்ல. சமூக சேவை உத்தியோகத்தர், முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர் என்று ஆட்கள் இருக்கிறார்கள், வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லலாம். ஓய்வூதியத்துக்கு வருடாவருடம் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அம்மாவைத் தெரிந்திருக்கும். அம்மாவை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று வந்து ஒருக்கால் பார்க்கும்படி அவரிடம் சொல்லுங்கள். இதற்கிடையில் அடிபிடி நடந்தால் 119தான், அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரை வைத்துப் பேசித் தீர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். யார் எந்தக் கிழமை வந்து அம்மாவைப் பார்ப்பது, கொட்டிலிலிருந்து உள் அறைக்கு எப்போது மாற்றுவது என்பதற்கெல்லாம் அவர் நல்ல ஆள். கை முறுக்கியதைச் சபையில் வைத்துப் பேசினால், ‘பெடியன்தானே, மன்னிச்சு விடுங்க’ என்றுதான் முடியும். அம்மாவும் தலையாட்டுவார்.

இன்னொன்று, கொஞ்சம் கசக்கும். சீதன வீடு வாங்கியவள்தான் தாயைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. பெற்றோரை வேண்டுமென்று புறக்கணிக்கக்கூடாது என்று அது சொல்வது எல்லாப் பிள்ளைகளுக்கும். தன்னைப் பராமரிக்க முடியாத 60 வயதுக்கு மேற்பட்ட தாயோ தகப்பனோ, பிள்ளைகளிடமிருந்து மாதாந்தம் பணம் பெற்றுத்தரும்படி அந்தச் சட்டத்தின் பராமரிப்புச் சபையிடம் கேட்கலாம். கேட்டால் அங்கே தங்கையின் பெயரோடு உங்கள் பெயரும் வரும். இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் வாவியைக் கடப்பது போதுமா என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

வீட்டு உறுதி

தேசவழமை யாழ்ப்பாணத் தமிழருக்கு உரிய சட்டம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உள்ள எங்களுக்கு அது பொருந்தாது, பொதுச் சட்டம்தான். நன்கொடை உறுதியைப் ‘பாரதூரமான நன்றிகெட்ட செயல்’ என்ற காரணத்தில் ரத்துச் செய்ய 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் நீதிமன்றக் கட்டளை வேண்டும், காலவரம்பு உண்டு, வழக்காளி அம்மாதான், நீங்கள் அல்ல. 2003இல், அதுவும் கலியாணத்துக்கென்று எழுதிய உறுதி. அதில் நம்பிக்கை வைத்து அலையாதீர்கள் என்பதே என் அபிப்பிராயம்.

அதைவிட ஒன்றைப் பாருங்கள். அந்த உறுதியில் அம்மா தனக்குச் சீவிய உரிமை வைத்து எழுதினாரா? அப்படியென்றால் சாகும்வரை அந்த வீட்டில் இருக்க அவருக்கு உரிமை உண்டு, கொட்டிலில் கிடக்க வேண்டியதில்லை. காணிப் பதிவகத்தில் உறுதியின் பிரதி எடுத்து, சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் காட்டுங்கள். வசதி குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாகவே பார்ப்பார்கள்.

மறதியும் இல்லமும்

அம்மா உங்களைச் செத்துப்போன பெரியம்மாவின் பெயரால் கூப்பிட்டார் என்கிறீர்கள். புண்ணில் கிருமி, சலக் கிருமி, சீனி கூடுவது, குறைவது, சரியாகச் சாப்பிடாதது எல்லாமே வயதானவரைக் குழப்பும். மருந்து ஏற ஏற நினைவு தெளிவதை எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். வாட்டிலிருந்து வருமுன் உளநலப் பிரிவில் ஒருக்கால் காட்டச் சொல்லிக் கேளுங்கள். உண்மையிலேயே மறதி நோய் இருந்தாலும், நேற்றுச் சாப்பிட்டதை மறந்தவருக்கு யாரைக் கண்டால் பயம் என்பது பெரும்பாலும் மறப்பதில்லை. அவர் சொல்வதை அப்படியே, அவர் சொன்ன சொல்லிலேயே, திகதி போட்டு எழுதி வையுங்கள்.

இல்லத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மா ‘போறன்’ என்றால், பதிவு செய்த இடமா, இரவில் யார் நிற்பது, கிளினிக்குக் கூட்டிப்போவது யார் என்று கேட்டுப் பார்த்துச் சேருங்கள். அதற்கு முதல், உங்கள் வீட்டிலேயே ஒரு மாதம் வைத்துப் பார்க்க முடியுமா என்று உங்கள் கணவரோடு கதையுங்கள். தங்கை கேட்டதும் அதைத்தானே, கோபத்தில் கேட்டிருந்தாலும்.

பேரனைப் பற்றி ஒரு சொல். 21 வயதுப் பிள்ளை. அவனும் அம்மாவின் கையால் சோறு தின்று வளர்ந்தவன், அதனால்தான் அம்மா வாயைத் திறக்கிறார் இல்லை. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்தில் சிகிச்சை பற்றிக் கேட்கலாம். ‘அவனைப் பிடித்துக் கொடுக்கப்போகிறோம்’ என்றால் தங்கை கதவைச் சாத்துவார். ‘அவனுக்கு மருந்து பார்ப்போம்’ என்றால் ஒருவேளை திறப்பார்.

நாளைக்குப் போகும்போது அம்மாவின் அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகம் மூன்றையும் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். தங்கையின் வீட்டுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள், ஒரு நேரச் சோறாவது கட்டிக்கொண்டு போங்கள். புண்ணைப் பார்த்துவிட்டு வைத்தியர் என்ன சொன்னார், காலையில் அம்மா என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். நீதிமன்றமா, செயலகமா என்பதை அதற்குப் பிறகு பார்ப்போம்.